ஹார்ப்சிகார்டில் துக்கம் எங்கே இருக்கிறது? ஃப்ரோபெர்கரின் இரங்கல் இசையை முன்வைத்து

நள்ளிரவுரசிகன் (தொடக்கப் பதிவு)

பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் யாகோப் ஃப்ரோபெர்கர் தம் நண்பர் பிளான்ரோஷேயின் சாவுக்கு ஹார்ப்சிகார்டில் (பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவி) வாசிக்க எழுதிய இரங்கல் இசையை இரண்டு ஒலிப்பதிவுகளில் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிளான்ரோஷே பாரிஸில் பேர்பெற்ற லூட் (பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) கலைஞர். 1652-இல் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்துபோனார். இசையின் கடைசியில் சுரங்கள் வரிசையாகக் கீழே இறங்கி அடிமட்டத்தில் போய் நிற்கின்றன.

முதல் ஒலிப்பதிவில் எல்லாம் நிதானமாக, சீராக நடக்கிறது. இரண்டாவதில் வாசிப்பவர் ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) முன்னால் அப்படியே நின்றுவிடுகிறார். ஓரிடத்தில் இணையத் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இரண்டும் ஒரே தாளில் எழுதிய இசைதானா என்றே ஐயம் வருகிறது.

என் கேள்வி இதுதான். ஹார்ப்சிகார்டில் கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார்கள். அப்படியானால் வாசிப்பவரின் உணர்ச்சி எந்த வழியாக வெளியே வருகிறது? இரண்டாமவர் செய்வது நடிப்பா? துக்கம் இசையில் இருக்கிறதா, அவர் கையில் இருக்கிறதா, “இரங்கல் இசை” என்ற தலைப்பைப் படித்துவிட்ட என் மனத்தில் இருக்கிறதா?


கறார்பேர்வழி

உங்கள் மனத்தில்தான் இருக்கிறது. தலைப்பை மறைத்துவிட்டு நான்கு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள், தெரிந்துவிடும்.

பியானோவில் பழகிய காது ஹார்ப்சிகார்டிலும் பெருமூச்சுகளைத் தேடுகிறது. பரோக் காலத்தில் (ஏறக்குறைய 1600–1750) உணர்ச்சி என்பது எழுதியவரின் பொறுப்பு. எந்தச் சுருதி, எந்த இடைவெளி, எந்த நடன வகை என்று அவர் தீர்மானித்து எழுதிவிட்டார். தத்துவஞானி டெகார்ட் 1649-இல் மனத்தின் அடிப்படை உணர்ச்சிகள் வியப்பு, அன்பு, வெறுப்பு, ஆசை, மகிழ்ச்சி, துயரம் என்று ஆறாகப் பிரித்தார். 1739-இல் ஹாம்பர்க்கில் இசை எழுத்தாளர் மத்தேசோன் எந்த உணர்ச்சிக்கு எந்த மாதிரி மெட்டு என்று விரிவாக எழுதினார். துயரம் என்பது அவர்களுக்கு அடையாளம் காணக்கூடிய ஒரு பொருள். வாசிப்பவர் அதை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். வழியில் அவரும் அழ வேண்டியதில்லை.


இறகுமுள்

ஹார்ப்சிகார்ட் வாசிப்பவள் என்ற முறையில் முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். அது தெரியாமல் இந்தச் சண்டை ஓரிடத்திலும் போய் நிற்காது.

கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனையில் ஜாக் எனப்படும் மெல்லிய மரச்சட்டம் மேலே எழும். அதில் செருகியுள்ள இறகுத் துண்டு கம்பியைச் சுண்டிவிட்டுப் போகும். அந்தக் காலத்தில் காக்கை போன்ற பறவைகளின் இறகு, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். விரலை எடுத்தவுடன் சட்டம் கீழே விழும், அதிலுள்ள கம்பளித் துணி கம்பியை அடக்கும். அவ்வளவுதான். சுண்டுவதற்கு ஒரு நொடி, அடக்குவதற்கு ஒரு நொடி. இந்த இரண்டு கணங்கள்தான் நம் கையில் உள்ளன.

ஆனால் அந்த இரண்டுக்குள் என்னவெல்லாம் செய்யலாம் என்று பாருங்கள். ஒரு சுரத்துக்கு முன்னால் இருப்பதைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிட்டால் நடுவில் ஒரு சிறு வெறுமை விழும். அதைத் தாண்டி வரும் சுரம் அழுத்தமாகக் கேட்கும். கருவி அதை அழுத்தவே இல்லை, காது அழுத்திக்கொள்கிறது. மாறாக, ஒரு கார்டின் சுரங்களை எழுதியிருப்பதைவிட அதிக நேரம் பிடித்துவைத்தால் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்ந்து ஒலி பெருக்கும். கார்டை விரித்து, ஒவ்வொரு சுரமாக மெல்ல அவிழ்த்தால் மென்மை. எல்லாவற்றையும் ஒரே கணத்தில் சுண்டினால் முரட்டு ஒலி. விரிப்பைத் தாளத்துக்கு முன்னால் தொடங்குவதா, தாளத்தில் தொடங்குவதா? கீழிருந்து மேலா, மேலிருந்து கீழா? கடைசிச் சுரத்தை எவ்வளவு தாமதிப்பது? ஒரே ஒரு கார்டுக்கு இத்தனை முடிவுகள் உண்டு.

நள்ளிரவுரசிகன் சொன்ன “நின்றுவிடுதல்” அந்த முடிவுகளில் ஒன்று. நடிப்பா என்பது எப்படி நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.


கறார்பேர்வழி

இறகுமுள் சொன்ன அத்தனையும் கைத்திறன். கைத்திறனைப் பற்றி எனக்குச் சண்டையே இல்லை. அதற்கு “உணர்ச்சி” என்று பெயர் வைப்பதில்தான் சண்டை. தச்சர் இழைப்புளி தள்ளும்போது உணர்ச்சியோடு தள்ளினார் என்று நாம் எழுதுவதில்லையே.


இறகுமுள்

பெயர் வைத்தவள் நான் இல்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பெரான் வைத்தார். 1713-இல் வெளியிட்ட முதல் ஹார்ப்சிகார்ட் தொகுப்பின் முன்னுரையிலேயே பேச்சை மறைக்காமல் சொல்லிவிடுகிறார்: இந்தக் கருவியில் ஒலியைப் பெருக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது, அப்படியிருந்தும் இதில் உணர்ச்சியை வெளிப்படுத்த வழி கண்டவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். வியக்க வைப்பதைவிட மனத்தைத் தொடுவதையே தாம் அதிகம் விரும்புவதாகவும் அதே முன்னுரையில் எழுதுகிறார்.

1716-இல் வந்த அவருடைய வாசிப்பு நூலில் அந்த வழியையும் காட்டுகிறார். இரண்டு அடையாளங்கள். ஒன்று, சுரத்தை அதன் முழு நேரம் வரை போகவிடாமல் முன்னதாகவே துண்டிப்பது. மற்றொன்று, சுரத்தை அதற்குரிய நேரத்தில் தொடங்காமல் கொஞ்சம் தாமதிப்பது. வயலின்காரர் ஒலியை ஊதிப் பெருக்கும் இடத்தில் ஹார்ப்சிகார்ட்காரர் தாமதிக்கிறார், காதுக்கு ஏறக்குறைய அதே விளைவு கிடைக்கிறது என்பது அவருடைய விளக்கம். வாத்தியத்தின் குறைபாட்டை அறிந்த ஒருவர் அதைச் சுற்றிப் போட்ட பாதை இது. தம் அடையாளங்களைக் கண்டுகொள்ளாமல் இஷ்டத்துக்கு வாசிப்பவர்கள்மீது 1722-இல் மூன்றாம் தொகுப்பின் முன்னுரையில் எரிந்து விழுகிறார். கறார்பேர்வழிக்கு அவரைப் பிடிக்கும்.


கறார்பேர்வழி

பிடிக்கிறது. ஏனென்றால் அது என் கட்சி. எழுதியதை வாசி என்கிறார்.


சாலியூரான்

நான் வீணை கற்றவன், மேற்கத்திய இசையில் பாமரன். நள்ளிரவுரசிகன் கொடுத்த இசையைக் கேட்டதும் ஆலாபனை நினைவுக்கு வந்தது. தாளக்கட்டு இல்லை, நின்று நின்று போகிறது, சுரம் தானாகத் தேய்கிறது. ஆலாபனையில் நிற்பதை நடிப்பு என்று நாம் யாரும் சொல்வதில்லை. அது ஏன் இங்கே குற்றமாகிறது?


இறகுமுள்

நல்ல கேள்வி. ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. ஆலாபனையில் எந்தச் சுரம் அடுத்து வரும் என்பதையே பாடுபவர் அந்த நேரத்தில் முடிவு செய்கிறார். இங்கே எல்லாச் சுரங்களும், அவற்றின் வரிசையும் தாளில் உறுதியாக இருக்கின்றன. காலம் மட்டும்தான் திறந்துகிடக்கிறது.

லூயி கூப்பெரான் என்று ஒருவர் இருந்தார், பிரான்சுவாவின் பெரியப்பா. அவர் எழுதிய தாளமற்ற முன்னிசைகளைப் பார்த்தால் விளங்கும். வெறும் வெள்ளை வட்டங்கள், அவற்றை இணைக்கும் நீண்ட வளைகோடுகள். எது நீளம், எது குறுக்கம் என்று ஒரு குறிப்பும் இல்லை. அவற்றில் ஒன்றுக்குப் பழைய கையெழுத்துப் படி ஒன்றில் “ஃப்ரோபெர்கரைப் பின்பற்றி” என்று தலைப்பு. அதன் தொடக்கம் ஃப்ரோபெர்கரின் ஏ மைனர் தொக்காட்டா (கட்டு தளர்ந்த கட்டைக் கருவி இசை வடிவம்) ஒன்றின் தொடக்கத்தை ஒட்டியே போகிறது. ஃப்ரோபெர்கர் அதைத் தாளத்துக்குள் எழுதினார், லூயி தாளத்தை உதறிவிட்டு எழுதினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைப் போல இந்த விஷயத்தில் எனக்குப் பயன்பட்டது வேறில்லை. ஃப்ரோபெர்கரின் தாளில் இருக்கும் அளவுகள் எழுத்து வசதிக்காக மட்டுமே, கேட்டவருக்கு அவை வெள்ளை வட்டங்களாகவே கேட்டிருக்கின்றன என்று எண்ணத் தோன்றுகிறது.


கறார்பேர்வழி

“எண்ணத் தோன்றுகிறது.” இந்த ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டுதான் ஐம்பது ஆண்டுகளாக ஒலிப்பதிவு நிறுவனங்கள் பிழைக்கின்றன.


இறகுமுள்

சரி, எண்ண வேண்டாம், படிக்கலாம். பிளான்ரோஷே இரங்கலின் பழைய கையெழுத்துப் படி ஒன்றில் தலைப்போடு சேர்ந்தே இப்படி ஓர் அறிவுரை இருக்கிறது: மிக மெதுவாக, வாசிப்பவரின் உசிதப்படி, எந்தத் தாளமும் பாராமல் வாசிக்கவும். எழுதியதை வாசி என்பவர் இதையும் வாசிக்க வேண்டும் அல்லவா?

இது ஃப்ரோபெர்கருக்கு வானத்திலிருந்து விழவில்லை. அவர் 1630-களின் இறுதியில் ரோமுக்குப் போய் இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டியிடம் பயின்றவர். ஃப்ரெஸ்கோபால்டி 1615-இல் தம் தொக்காட்டாக்களுக்கு எழுதிய முன்னுரையில், இவற்றைக் கறாரான தாளத்துக்கு அடிமையாக்கக் கூடாது என்கிறார். பல குரல்கள் சேர்ந்து பாடும் அக்கால மாத்ரிகல் பாடல்களில் சொல்லின் பொருளுக்கும் உணர்ச்சிக்கும் ஏற்பத் தாளம் சில இடத்தில் தொய்யும், சில இடத்தில் விரையும், சில இடத்தில் அந்தரத்தில் நிற்கும். அப்படியே இங்கும் செய்க என்பது அவர் கட்டளை. தொடக்கத்தை மெதுவாக, கார்டுகளை விரித்து வாசிக்கவும் சொல்கிறார். கருவி காலியாக நிற்கக் கூடாதாம். ஒலி தேயும் கருவிக்கு அது எவ்வளவு நடைமுறையான அறிவுரை!


நள்ளிரவுரசிகன்

அப்படியானால் இரண்டாம் ஒலிப்பதிவுக்காரர்தான் தாளில் உள்ளபடி நடக்கிறார், சீராக வாசித்த முதலாமவர்தான் மீறுகிறார் என்றாகிறதே! நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்.

ஆனால் “உசிதப்படி” என்றால் எதுவும் சரி என்று ஆகிவிடாதா?


பழையதட்டு

ஆகாது. அதற்குச் சாட்சி ஒரு கோமாட்டி. ஃப்ரோபெர்கரின் கடைசிக் காலத்தில் அவரை ஆதரித்தவர் வ்யூர்ட்டம்பெர்க் குடும்பத்துச் சிபில்லா. அவரிடமே வாசிப்பும் கற்றவர். 1667-இல் ஃப்ரோபெர்கர் இறந்தபின் சிபில்லா ஹாலந்தில் இருந்த கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸுக்குக் கடிதம் எழுதினார். இந்த இசையை அவரிடமே நேரில் கற்காதவர்கள் அதற்குரிய உசிதத்தோடு வாசிக்கவே முடியாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். இந்த ஹைகன்ஸ் யார் என்றால், சனிக் கோளின் வளையத்தை விளக்கிய கிறிஸ்டியான் ஹைகன்ஸின் தந்தை. (இதற்கும் இழைக்கும் தொடர்பில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஆக, சுதந்திரம் உண்டு, ஆனால் அதில் சரி தவறு உண்டு. அந்தச் சரி தாளில் ஏறவில்லை, ஆசிரியரின் கையிலிருந்து மாணவியின் கைக்குப் போனது.


கறார்பேர்வழி

அந்தக் கையும் போய்விட்டது. கோமாட்டியின் வாக்குப்படி இன்று உயிரோடு இருப்பவர் யாரும் இதை வாசிக்கக் கூடாது. என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.


பழையதட்டு

வாசிக்கத்தான் செய்தார்கள், ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விதமாக. என் அலமாரியிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

வாண்டா லாண்டோவ்ஸ்கா 1912 முதல் வாசித்த ப்ளேயெல் நிறுவனத்துக் கருவி பழைய ஹார்ப்சிகார்டின் நகல் கிடையாது. பியானோ தொழிற்சாலையில் பிறந்த கனத்த பெட்டி. ஒலிவரிசைகளை மாற்றக் கால்மிதிகள், ஒரு ஸ்தாயி கீழே முழங்கும் “பதினாறடி” என்ற கம்பி வரிசை வேறு. அவர் உணர்ச்சியைக் காட்டிய வழி பெரும்பாலும் நிறமாற்றம்: ஒரு வரி மெலிந்த ஒலியில், அடுத்த வரி முழக்கத்தில். 1933-இல் பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளை ஹார்ப்சிகார்டில் பதிவு செய்தார். இருபத்தைந்தாம் மாறுபாட்டுக்கு “கருமுத்து” என்று பெயர் வைத்தவரும் அவரே. இன்று கேட்டால் கருவி கரகரக்கிறது, ஆனால் மனிதர் தயங்கவே இல்லை. எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

அடுத்து குஸ்தாவ் லியோன்ஹார்ட் (1928–2012). பழைய கருவிகள், அவற்றின் நகல்கள், முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. 1968-இல் வந்த ஸ்ட்ரோப், ஹ்யுயே இணையரின் படத்தில் பாக்காகவே நடித்தார்; நடித்தார் என்பதைவிட உட்கார்ந்து வாசித்தார் என்று சொல்ல வேண்டும். அவரை வறட்டு மனிதர் என்று சொல்பவர்கள் ஒருமுறை அவருடைய ஃப்ரோபெர்கரைக் கேட்க வேண்டும். இறகுமுள் சொன்ன அந்தச் சிறு வெறுமை, அதை ஓர் இலக்கணமாகவே ஆக்கியவர் அவர். எங்கே நிற்கப் போகிறார் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது, நின்றபின் வேறு எங்கேயும் நின்றிருக்க முடியாது என்று தோன்றும். கூப்மன், ஹாக்வுட், பியேர் ஹன்டாய் எல்லாம் அவரிடம் பயின்றவர்கள். ஒருவர் வாசிப்பு மற்றவரைப் போல் இல்லை.

ஸ்காட் ராஸ் 1980-களின் நடுவில் ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களையும் பதிவு செய்தார். 1989-இல் முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனார். ராஸிடம் சோகக் காட்சிகள் கிடையாது. தாளம் நெளியும், உடையாது.


சாலியூரான்

செக் நாட்டு சூசானா ரூஜிச்கோவாவை விட்டுவிட்டீர்களே.


பழையதட்டு

வேண்டுமென்றே விட்டேன். தெரேசின், ஆஷ்விட்ஸ், பெர்கன்-பெல்சன் முகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்து, பாக்கின் கட்டைக் கருவி இசை முழுவதையும் 1960-களிலும் 70-களிலும் பதிவு செய்தவர். அவர் வாசிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எல்லோரும் அந்த வாழ்க்கையைப் பற்றியே பேசுகிறார்கள். சாரபாந்து என்ற மெதுவான நடன இசை ஒன்றில் அவர் சற்று அழுத்தினால் உடனே முகாம் என்கிறார்கள். எனக்கு அது அவருக்குச் செய்யும் அநீதியாகப் படுகிறது. அவருடைய பாக் பெரும்பாலும் உற்சாகமானது, தசைவலு உள்ளது, வேகமானது. கேட்பவர்கள் துக்கத்தைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்துகிறார்கள்.


நள்ளிரவுரசிகன்

ஆனால் ஃப்ரோபெர்கரே தம் வாழ்க்கையைத் தலைப்பில் ஒட்டி வைத்தவர் இல்லையா? கொள்ளையடிக்கப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தபின் மனச்சோர்வைப் போக்க எழுதிய புலம்பல் என்று ஒன்று. வரப்போகும் தம் சாவைப் பற்றிய தியானம் என்று இன்னொன்று, “பாரிஸ், 1660 மே 1” என்று தேதியோடு. அவரிடம் வாழ்க்கையைத் தவிர்த்துவிட்டுக் கேள் என்றால் எப்படி?


கறார்பேர்வழி

அது அவருடைய வாழ்க்கை. வாசிப்பவருடையது இல்லை. இதைத்தான் தொடக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

கூப்பெரானிடமே போகலாம். அதே 1722 தொகுப்பில், பதின்மூன்றாம் வரிசையில், ஒரு முகமூடி விருந்து இருக்கிறது. பன்னிரண்டு குட்டி இசைகள், ஒவ்வொன்றும் ஓர் உணர்ச்சி அல்லது ஒரு பாத்திரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற அங்கி. நாணத்துக்கு ரோஜா நிறம், நம்பிக்கைக்குப் பச்சை, விசுவாசத்துக்கு நீலம், ஏக்கச் சோர்வுக்கு ஊதா. வாய்திறவாப் பொறாமைக்குக் கருஞ்சாம்பல். கடைசியில் வெறி அல்லது நம்பிக்கையிழப்பு, கறுப்பு அங்கியில். இவற்றை ஒருவர் சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். வாசிப்பவர் ஒவ்வொன்றையும் மெய்யாகவே உணர்ந்துகொண்டு போனால் அவரை மருத்துவரிடம்தான் கூட்டிப்போக வேண்டும். அங்கியை மாட்டு, கழற்று, அடுத்ததை மாட்டு. அதுதான் வேலை.


இறகுமுள்

இந்தப் பதிவுக்காகவே உங்கள் முந்தைய பதிவுகளை மன்னிக்கிறேன்.

ஆனால் அந்த வரிசை பன்னிரண்டாவது அங்கியோடு முடியவில்லை. அதன் பிறகு கூப்பெரான் இன்னும் ஓர் இசையை வைக்கிறார்: வேதனையில் அலையும் ஆன்மா. அதற்கு அங்கியும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கி இறங்கி வரும் உரசல்கள் மட்டும். விருந்து முடிந்து முகமூடிகள் போனபின் வருவது அது. இதை வாசிக்கும்போதும் மாட்டு, கழற்று என்று மட்டும் இருந்துவிட முடியுமா என்று எனக்குத் தெளிவில்லை. கூப்பெரான் வேண்டுமென்றே அந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்றே நம்புகிறேன்.


சாலியூரான்

அப்படியானால் நேரடியாகவே கேட்கிறேன். வாசிப்பவர் அழ வேண்டுமா, வேண்டாமா? அந்தக் காலத்தவர் யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா?


பழையதட்டு

சொல்லியிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் முரணாக.

பாக்கின் மகன் கார்ல் பிலிப் இம்மானுவேல் 1753-இல் வெளியிட்ட நூலில், தான் உருகாத இசைஞன் பிறரை உருக்க முடியாது என்கிறார். துயரமான இடத்தில் அவனும் துயரப்பட வேண்டும், அது முகத்திலும் தெரியலாம், தப்பில்லை.

கூப்பெரான் 1716-இல் என்ன சொன்னார் தெரியுமா? வாசிக்கும்போது முகத்தைக் கோணிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இசைத்தாள் வைக்கும் தாங்கியில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு பயில வேண்டும். சபையைப் பார்த்து இயல்பாக, வேறு வேலையில்லாதவர்போல் உட்கார வேண்டும். காலால், தலையால் தாளம் போடக் கூடாது.


கறார்பேர்வழி

கண்ணாடிக்கு என் ஓட்டு.


இறகுமுள்

இருவரும் ஒரே கருவியைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இம்மானுவேலின் மனத்துக்கு நெருக்கமானது கிளாவிகார்ட். அதில் கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும் வரை உலோகத் தகடு கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். விரலை அசைத்தால் சுரமே நடுங்கும். அங்கே கையின் நடுக்கம் நேராக ஒலிக்குள் போகும். ஹார்ப்சிகார்டில் சுண்டியபின் கம்பிக்கும் நமக்கும் உறவு அறுந்துவிடும். என் கை நடுங்கினால் கேட்பவருக்கு அது நடுக்கமாகப் போய்ச் சேராது, பிசகாகப் போய்ச் சேரும். தவிர, 1753-இல் ரசனையே மாறிக்கொண்டிருந்தது. ஃப்ரோபெர்கருக்கு அவர் சாட்சியாக முடியாது.

என் அனுபவம் இது: மேடையில் மனம் கனத்தால் முதலில் சாவது மௌனங்கள்தான். நெஞ்சு வேகமாக அடிக்கும்போது அரை நொடி ஒரு யுகமாகத் தெரியும், உடனே அடுத்த கார்டுக்குப் பாய்ந்துவிடுவோம். நான் துடித்துக்கொண்டு வாசித்ததாக நினைத்த கச்சேரியின் பதிவைக் கேட்டால் அவசரமாக இருக்கும், வேறொன்றும் இருக்காது. ஆகவே துக்கத்தை வீட்டில், பயிற்சியில், தாராளமாகப் படுகிறேன். எந்தச் சுரத்தில் தொண்டை அடைக்கிறது என்று அங்கே தெரிந்துகொள்கிறேன். மேடையில் காது மட்டும் வேலை செய்தால் போதும்: கார்டு எவ்வளவு தேய்ந்தது, கூடத்தில் எதிரொலி எவ்வளவு, அடுத்ததை இப்போது விடலாமா. அதனால்தான் ஒரே ஆள் ஒரே இசையைக் கல் கட்டிய தேவாலயத்தில் ஒருமாதிரியும், கம்பளம் விரித்த அறையில் வேறுமாதிரியும் வாசிக்க நேர்கிறது.

இரண்டாம் ஒலிப்பதிவுக்காரரைப் பற்றி நள்ளிரவுரசிகன் கேட்டதற்கும் இதுவே பதில். நானும் கேட்டேன். அவர் நிற்பதில் எனக்குக் குறையில்லை. எல்லாக் கார்டுக்கு முன்னாலும் ஒரே அளவு நிற்கிறார், அதுதான் குறை. இரண்டாவது நிமிடத்தில் அதுவே ஒரு தாளமாகிவிடுகிறது. தாளம் பாராதே என்ற இடத்தில் புதிதாக ஒரு தாளத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.


நள்ளிரவுரசிகன்

மறுபடி கேட்டேன். ஆம்! கேட்டபின் இனிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என்னைக் கெடுத்துவிட்டீர்கள்.


நெறியாளர்

வேறு தளங்களிலுள்ள ஒலிப்பதிவு இணைப்புகளை இங்கே ஒட்ட வேண்டாம். கலைஞர்களின் தோற்றம் குறித்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விவாதம் தொடரட்டும்.


இறகுமுள்

விட்டுப்போன இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இரு கைகளும் ஒன்றாக விழாமல் இருப்பது. பியானோக்காரர்களின் பழைய சோம்பல் என்று இதைக் கேலி செய்வார்கள். ஆனால் 1747-இல் அச்சான ஃபோர்க்கரேயின் ஹார்ப்சிகார்ட் தொகுப்பில் ஓர் இசையில் மேல்வரி அடிவரியோடு பெரும்பாலும் சேர்ந்து விழக் கூடாது என்பதற்காக அதை விலக்கி விலக்கியே அச்சிட்டிருக்கிறார்கள். எழுதியபடி கவனித்து வாசிக்கும்படி குறிப்பும் உண்டு. அடிக்குரல் முதலில் தரையைப் போடுகிறது, மேல்குரல் கொஞ்சம் தாமதித்து அதன்மேல் வந்து அமர்கிறது. மென்மையாக வாசிக்க வேண்டிய இசை அது. கருவிக்கு மென்மை தெரியாது. இந்தத் தாமதம்தான் அங்கே மென்மை.

இரண்டாவது சுருதி. இதை யாரும் பேசவில்லை, எனக்கோ இதுதான் பெரிது. 1657-இல் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் இறந்தபோது ஃப்ரோபெர்கர் எழுதிய புலம்பல் எஃப் மைனரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த மீன்டோன் சுருதி அமைப்பில் கறுப்புக் கட்டைகளுக்கு இரட்டைப் பிறவி கிடையாது. ஜி ஷார்ப் வைத்தால் ஏ ஃபிளாட் இல்லை. எஃப் மைனருக்கு வேண்டியதோ ஏ ஃபிளாட். பொதுவாக வைத்திருக்கும் ஜி ஷார்ப்பை அந்த இடத்தில் வாசித்தால் ஏறக்குறைய 41 சென்ட் தாழ்ந்து ஒலிக்கும், அரைச் சுரத்தின் ஐந்தில் இரண்டு பங்கு. முதல் கார்டே ஊளையிடும்.

ஆகவே கச்சேரிக்கு முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டும். அந்தக் கம்பிகளை ஏ ஃபிளாட்டாக மாற்றிக் கட்டி, இசையை இருண்ட ஆனால் தூய ஒலியில் வாசிப்பதா? இரண்டுக்கும் நடுவில் வைத்துச் சமாளிப்பதா? பேரரசரின் சாவுக்கு அந்த ஊளை பொருத்தம்தான் என்று அப்படியே விடுவதா? நான் மாற்றிக் கட்டுவேன். ஊளை முதல் நிமிடத்தில் நெஞ்சைப் பிடிக்கும், ஐந்தாவது நிமிடத்தில் பல்லைக் கூசவைக்கும். அந்த இசையின் முடிவில் உயர்ந்த எஃப் சுரம் தனியாக மூன்று முறை ஒலிக்கிறது. மூன்றாம் ஃபெர்டினாண்டைக் குறிப்பது என்று பலரும் கருதுகிறார்கள். பல் கூசிய காதோடு அங்கே போய்ச் சேர்ந்தால் அந்த மூன்று சுரங்களுக்கு மதிப்பே இருக்காது.


கறார்பேர்வழி

சுருதிச் சாவியால் செய்யும் உணர்ச்சியை முழுமனத்தோடு ஏற்கிறேன். அளக்க முடிகிறது.

ஒரு கேள்வி. மூன்றாம் ஃபெர்டினாண்டின் மகன் நான்காம் ஃபெர்டினாண்ட் 1654-இல் தந்தைக்கு முன்பே இறந்தார். அவருக்கு எழுதிய இரங்கல், சி மேஜரில் மூன்று ஸ்தாயி மேலேறும் சுரவரிசையோடு முடிகிறது. ஃப்ரோபெர்கர் பேரரசருக்குக் கொடுத்த 1656-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் அந்த வரிசை போய்ச் சேரும் இடத்தில் மேகமும் தேவதைகளும் வரைந்திருக்கிறார்கள். ஏறுவது வானத்துக்கு, சரி. பிளான்ரோஷேயில் இறங்கும் வரிசை எதற்கு? படிக்கட்டில் விழுவதா, குழிக்குள் போவதா? முன்னது என்றால் வேகம், பின்னது என்றால் நிதானம். உசிதம் என்று தப்பிக்காமல் பதில் சொல்லுங்கள்.


இறகுமுள்

தப்பிக்கவில்லை. நிதானம்.

காரணம் கருவிதான். ஹார்ப்சிகார்டில் வேகமாக இறங்கும் சுரவரிசை பளபளப்பாக, ஏன், கொஞ்சம் குதூகலமாகவே கேட்கும். படியில் உருண்ட மனிதரைக் கேலிச்சித்திரமாக்கிவிடும். மெதுவாக இறங்கினால் கீழே போகப் போகக் கம்பிகள் நீளமாகின்றன, ஒலி தடிக்கிறது, ஒவ்வொன்றும் தேய அதிக நேரம் எடுக்கிறது. ஆகவே நான் மேல் சுரங்களைத் தனித்தனியாக விட்டுவிட்டு, கீழே வரும்போது விரல்களை எடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துவைப்பேன். கடைசி சி-க்கு வரும்போது முழுப் பெட்டியும் அதிரும். எழுதப்பட்டிருப்பது ஒற்றைச் சுரங்கள்தான்.


கறார்பேர்வழி

எழுதாததைப் பிடித்துவைக்கிறீர்கள். பதிவு செய்துகொள்கிறேன்.


பழையதட்டு

வேகமாக இறங்கி நன்றாக வாசித்தவர்களும் இருக்கிறார்கள், இறகுமுள் அக்கா. கடைசிச் சுரத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம் வைத்தால் அது குதூகலமாகக் கேட்காது.


இறகுமுள்

நிறுத்தம் வைத்தால் அவர் கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார் என்று ஆகிவிடுமே!


நள்ளிரவுரசிகன்

இதற்கு மேல் இந்த இரங்கலில் பேச ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தேன். அதே பிளான்ரோஷேக்கு லூயி கூப்பெரானும் ஓர் இரங்கல் எழுதியிருக்கிறார் என்று இப்போதுதான் பார்க்கிறேன். அது எஃப் மேஜரில் இருக்கிறது. பொதுவாக மகிழ்ச்சிக்குரியது என்று கருதும் மேஜரில் துக்கமா?


கறார்பேர்வழி

அதில் மணியோசை போல ஒலிக்கும் ஒரு பகுதியும் உண்டு. தனி இழை தொடங்குங்கள். இறகுமுள் அங்கே எதையெல்லாம் எழுதாமலே பிடித்துவைக்கிறார் என்று பார்க்கலாம்.